ஜெர்மனியின் கான்ஸ்டன்ஸில் அறை வேண்டும், தெரிந்தவர்கள் சொல்லுங்க

அக்டோபரில் கான்ஸ்டன்ஸ் பல்கலைக்கழகத்தில் சேரும் மாணவருக்கு அறை தேவை. பீட்டர்ஸ்ஹவுசன், வோல்மாட்டிங்கன் பகுதிகள் என்றால் நல்லது. ரயில் இருப்பதால் பக்கத்து ஊரான ராடோல்ஃப்ஸெல்லும் சரி. குரொய்ட்ஸ்லிங்கன் வேண்டாம். அடுத்த தெருதான், ஆனால் அது சுவிட்சர்லாந்து. ஜெர்மன் மாணவர் விசாவை வைத்து அங்கே குடியேற முடியாது.

மாணவர் அந்த வீட்டில் குடிவந்திருக்கிறார் என்று வீட்டுக்காரர் கையெழுத்திட்ட சான்று கட்டாயம் கிடைக்க வேண்டும். அது இல்லாமல் முகவரிப் பதிவு நடக்காது, பதிவுக்குக் கெடுவே குடிவந்ததிலிருந்து 2 வாரம்தான். அட்வான்ஸ் சட்டப்படி அதிகபட்சம் 3 மாத அடிப்படை வாடகை. வீட்டைக் காட்டாமலே பணம் கேட்கும் ஆட்களின் எண் தயவுசெய்து வேண்டாம்.

இன்னொன்று: எல்லையை ஒட்டிய பழைய நகரத்தில் போன் தானாக சுவிஸ் டவருக்குத் தாவும், ஐரோப்பிய ஒன்றிய ரோமிங் சலுகை அங்கே செல்லாது. நெட்வொர்க்கை மேனுவலில் வைப்பது தெரியும். சுவிட்சர்லாந்தையும் சேர்த்துத் தரும் ப்ரீபெய்ட் சிம் எது?