மறு: மறு: ஃப்ரீ ஏஜென்ட்: சுயேச்சையா, தளையறுவா, விடலையா?

அனுப்புநர்: நா.வ.

வணக்கம். அமெரிக்க பேஸ்பால் ஆட்டக்காரர் கர்ட் ஃப்ளட் பற்றிய கட்டுரையின் தமிழாக்கம் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. பேஸ்பாலை பேஸ்பால் என்றே வைத்துவிட்டேன். 'அடிபந்தாட்டம்' வேண்டும் என்பவர்கள் அருள்கூர்ந்து தனி இழை தொடங்குங்கள். எனக்குத் தமிழ்ச்சொல் வேண்டியது 'ஃப்ரீ ஏஜென்ட்' ஒன்றுக்குத்தான்: எந்த அணியின் பிடியிலும் இல்லாமல், விரும்பிய அணியோடு ஒப்பந்தம் பேசக்கூடிய ஆட்டக்காரர்.

இடம் இது: ஃப்ளட் 1958 முதல் 1969 வரை செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணியில் ஆடியவர், 7 தங்கக் கையுறை விருதுகள். 1969 அக்டோபரில் அவரை ஒரு வார்த்தை கேட்காமல் ஃபிலடெல்ஃபியா அணிக்கு மாற்றிவிட்டார்கள். வாங்கவும் விற்கவும் நான் உடைமைப் பொருள் அல்ல என்று டிசம்பர் 24 அன்று பேஸ்பால் ஆணையர் போவி கூனுக்கு எழுதினார். பிறகு அவர் போட்ட வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போய் 1972-இல் 5-க்கு 3 எனத் தோற்றது. வரைவில் 'கட்டற்ற முகவர்' என்று போட்டிருக்கிறேன். சரிதானே?

அனுப்புநர்: செ.

சரியில்லை. 'முகவர்' வந்தால் கட்டுரையே கவிழ்ந்துவிடும். ஆட்டக்காரருக்காக அணியோடு சம்பளம் பேசுகிறாரே, அவர்தான் முகவர். இரண்டாம் பக்கத்திலேயே "முகவர் தம் முகவரை அழைத்துக்கொண்டு போனார்" என்று எழுத வேண்டிவரும்.

'கட்டற்ற' என்பது மென்பொருளுக்குப் பொருந்தும். மனிதனுக்குப் போட்டால் அடங்காதவன் என்றாகும்.

அனுப்புநர்: இரா.கு.

எதற்கு இவ்வளவு யோசனை? 'ஒப்பந்தம் முடிந்த வீரர்'. இல்லையென்றால் ஐபிஎல் செய்திகளில் வருகிற 'விடுவிக்கப்பட்ட வீரர்'.

அனுப்புநர்: செ.

இரண்டும் பிழை. ஏன் என்று சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் இந்த இழை இப்படியே சுற்றும்.

பேஸ்பாலில் ஒப்பந்தம் முடிவது வேறு, பிடி விடுவது வேறு. பெரிய லீக்கில் 3 ஆண்டு ஆடியவரின் ஓராண்டு ஒப்பந்தம் முடிந்தாலும் அவர் அணியின் கையில்தான் இருக்கிறார். அதன்பின் சம்பளத் தகராறு நடுவர் குழுவுக்குப் போகலாம். இரு தரப்பும் ஆளுக்கொரு தொகை எழுதிக் கொடுக்க, குழு இரண்டில் ஒன்றைத்தான் எடுக்கும், நடுவில் ஒரு தொகை சொல்லாது. சேவை, அதாவது பெரிய லீக்கில் இருந்த காலம், 6 ஆண்டு நிறைந்து, ஒப்பந்தமும் தீர்ந்தால்தான் ஃப்ரீ ஏஜென்ட்.

'விடுவிப்பு' என்பது வேண்டாம் என்று அணியே அனுப்பிவிடுவது. அவமானத்துக்கும் உரிமைக்கும் ஒரே சொல்லா?

இன்னொன்று. வரைவில் ஓர் ஆட்டக்காரரின் சேவையை '5.17 ஆண்டு' என்று சுருக்கியிருக்கிறீர்கள். மூலத்தில் 5.171. அது தசமம் அல்ல, 5 ஆண்டும் 171 நாளும். 172 நாள் சேர்ந்தால் ஓராண்டு. சிகாகோ கப்ஸ் 2015-இல் கிரிஸ் பிரையன்ட்டை ஏப்ரல் 17 அன்றுதான் கீழ்நிலை லீக்கிலிருந்து மேலே அழைத்தது. பருவ முடிவில் அவர் கணக்கில் 171 நாள். அந்த ஒரு நாள் குறைந்ததால் 2020-க்குப் பின் கிடைக்க வேண்டிய விடுதலை 2021-க்குப் பின் கிடைத்தது. முறையிட்டார், எடுபடவில்லை. அந்தப் புள்ளியைத் தொடாதீர்கள்.

அனுப்புநர்: பேரா. மு.

நண்பர்களே, விடை 'விடு' என்னும் வேரிலேயே இருக்கிறது. விடு, விடை, விடுதலை, வீடு: பற்று அறுவதே வீடு. அதே வேரில் 'விடலை'. பாலைத்திணையில் ஊரையும் உறவையும் விட்டுச் சுரம் கடக்கும் இளங்காளை. 'விடலையர் சந்தை' என்றால் எவ்வளவு அழகு!

ஆட்டக்காரரை அணி விடாமல் வைத்திருந்த அந்தப் பழைய பிடிக்குத் 'தளை' என்க. 'தளையறு வீரர்' வினைத்தொகை, முக்காலமும் அடங்கும்.

அனுப்புநர்: இரா.கு.

ஐயா, விடலை என்றால் இன்று முகப்பருதான் நினைவுக்கு வரும். சந்தைக்கு வருகிறவர்களில் பலர் 30-ஐத் தாண்டியவர்கள்.

முக்காலமும் அடங்குவதுதான் சிக்கலே. இனிமேல் தளை அறப்போகிறவனும் அதில் வந்துவிடுவான். அணி முதலாளிக்கு அதுதானே தலைவலி!

அனுப்புநர்: பேரா. மு.

'அறு' என்பது ஆறின் குறுக்கமும் ஆகும் என்பதைக் கவனிக்கவில்லையா? ஆறு ஆண்டுச் சேவை! சொல்லுக்குள்ளேயே சட்டம் இருக்கிறது. வெண்பாவில் தளை தட்டினால் பா கெடும். இங்கே தளை அற்றால்தான் ஆள் பிழைக்கிறான்.

அனுப்புநர்: கு.சி. (யாழ்ப்பாணம்)

பேராசிரியர் ஐயா, அறுசுவை மாதிரி அறு வீரர் எண்டு ஆறு பேரைத் தேடப் போகினம்.

ஆனால் 'தளை' நல்ல சொல், அதை விட வேண்டாம். ஒப்பந்தப் படிவத்தின் 10அ பிரிவு, ஆட்டக்காரன் கையெழுத்து வைக்காவிட்டால் அணி ஓராண்டு நீட்டிக்கலாம் எண்டது. அந்த நீட்டிப்பிலும் அதே பிரிவு இருக்கு, ஆகவே முடிவே இல்லை எண்டு முதலாளிமார் வாசிச்சவை. 1975-இல் மெசர்ஸ்மித், மெக்நாலி எண்ட இரண்டு ஆட்டக்காரரும் கையெழுத்து வைக்கேல்லை. நடுவர் பீட்டர் சைட்ஸ் அந்த டிசம்பரில், ஓராண்டு எண்டால் ஓராண்டுதான் எண்டு தீர்த்தார். அதைத் 'தளைவிதி' எண்டு எழுதுங்கோ. ஆளுக்குச் 'சுயேச்சை வீரர்' போதும்.

அனுப்புநர்: பேரா. மு.

சுய, இச்சை, குணசந்தி பெற்ற வடசொல்! 'தன்னுரிமையர்' எனலாமே. மேலும், சுயேச்சை என்பவர் கட்சி வேண்டாம் என்று நிற்பவர். இவரோ அணி தேடுபவர்.

அனுப்புநர்: செ.

வென்ற மறுநாள் சுயேச்சை என்ன செய்கிறார் என்பதைத் தமிழ் வாசகருக்கு விளக்கத் தேவையில்லை. எல்லாக் கட்சியும் வாசலில் நிற்கும், விலை பேசும். பருவம் முடிந்தபின் வரும் ஃப்ரீ ஏஜென்ட்டின் நவம்பர் அச்சாக அப்படித்தான் இருக்கும். என் வாக்கு சுயேச்சைக்கு.

அனுப்புநர்: நா.வ.

நாலுக்கு ஒன்று. 'சுயேச்சை வீரர்', 'தளைவிதி' இரண்டும் போகின்றன. முதலில் வரும் இடத்தில் மட்டும் 'ஃப்ரீ ஏஜென்ட் எனப்படும்' என்று சேர்க்கிறேன். 5.171 திருத்தியாயிற்று.

'டிரேட்' என்பதற்குக் 'கைமாற்று' போட்டிருந்தேன். படித்துப் பார்த்தால் ஃபிலடெல்ஃபியாக்காரர்கள் ஃப்ளட்டை வட்டியில்லாக் கடனாக வாங்கிய மாதிரி இருக்கிறது. 'பண்டமாற்று' ஆகுமா?

அனுப்புநர்: கு.சி.

ஃப்ளட் வழக்குப் போட்டதே பண்டமாக மாத்தினதுக்குத்தானே. 1969-க்கு அது பொருந்தும். ஆனால் ஆட்டக்காரர் சங்கமும் முதலாளிமாரும் செய்த 1973 உடன்படிக்கைக்குப் பிறகு, 10 ஆண்டு ஆடி, கடைசி 5 ஆண்டும் ஒரே அணியில் இருந்தவர் மாற்றத்தை மறுக்கலாம். ஃப்ளட்டுக்கு அந்த விதி அப்ப இருந்திருந்தால் செயின்ட் லூயிஸை விட்டு அசைச்சிருக்கேலாது. மறுக்கிற பண்டம் உண்டோ? பொதுவாக 'அணிமாற்றம்' எண்டு போடுங்கோ.

அனுப்புநர்: பேரா. மு.

அணிமாற்றம் ஏற்கலாம். 'பண்டமாற்று' ஃப்ளட்டின் கடிதம் வரும் பத்தியில் மட்டுமாவது இருக்கட்டும். உமணர் நெல்லுக்கு உப்பு மாற்றியதுபோல ஆளை மாற்றினார்கள் என்பது அங்கேதான் உறைக்கும்.

சுயேச்சைக்கு என் மறுப்பு பதிவில் இருக்கட்டும். விடலையை நான் விடுவதாக இல்லை.