மணல் ஈயா, மண்சுள்ளானா?

அண்ணாச்சி,

Sandfly என்ற பூச்சிக்குத் தமிழ்ப் பெயராக ‘மணல் ஈ’யை அப்படியே கலைச்சொல் பட்டியலில் ஏற்றிவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். மணல் என்றதும் திருநெல்வேலிச் சீமைக்காரன் மனசில் உவரிக் கடற்கரையும் தேரிக்காடும்தான் வரும். இந்தப் பூச்சி கிடப்பதோ மாட்டுத்தொழுவின் ஈரமண்ணில், பூச்சு உதிர்ந்த சுவர் வெடிப்பில், எலி வளையில். நிறம் மட்டும்தான் மணல். ஈ என்பதும் சரியில்லை. வீட்டு ஈ மொய்க்கும், கடிக்காது. இது கடித்து ரத்தம் குடிக்கும், அதுவும் பெண் பூச்சி மட்டும். உடம்பு 2, 3 மில்லிமீட்டர்தான். ரீங்காரம் கிடையாது, தத்தித் தத்திப் பறக்கும்.

கொசு என்றே சொல்லலாமே என்று தங்கச்சி எழுதியிருந்தார். கொசு என்றால் சனங்கள் தேங்கிய தண்ணீரைக் கொட்டிவிட்டு நிம்மதியாகப் படுத்துவிடுவார்கள். இதன் புழு தண்ணீரில் வளராது, மக்கிய மண்ணில் வளரும். சாதாரணக் கொசுவலைக் கண்ணுக்குள்ளும் நுழைந்துவிடும். சுள்ளென்று கடிக்கிற சிறுபூச்சிக்குச் சுள்ளான் என்ற சொல் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. அதற்கு முன்னால் ‘மண்’ சேர்த்தால் எங்கே கூட்ட வேண்டும், எங்கே பூச வேண்டும் என்பதையும் பெயரே சொல்லிவிடும். மண்சுள்ளான்.

இது கடித்துப் பரப்புகிற தோல்நோய்க்கு (cutaneous leishmaniasis) ‘மண்சுள்ளான் புண்’ என்கிறேன். ‘ஒட்டுண்ணித் தோல்நோய்’ என்றால் சொறிசிரங்கும் அதில் அடங்கிவிடும். ‘டெல்லிப் புண்’ பழைய வழக்கு, ஆனால் ஊர்ப்பெயரை நோய்க்கு வைக்க வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2015இலேயே சொல்லிவிட்டது. ‘ஆறாப்புண்’ணை மட்டும் நான் கடுமையாக எதிர்க்கிறேன்.

காரணம் என் சித்தப்பா மகன். சவூதியில் அல்-அஹ்சாவில் வேலை பார்த்துவிட்டுக் கடையநல்லூருக்கு வந்தபோது முழங்கைக்குக் கீழே ஒரு புண். ஓரம் வரப்பு மாதிரி மேடுகட்டி, நடுவில் பள்ளம், அதன்மேல் காய்ந்த பொருக்கு. வலி இல்லை. இரண்டு மாதம் சாதாரணக் கட்டிக்கான மாத்திரைதான் கொடுத்தார்கள். வலிக்காத புண் என்றதும் வீட்டில் குஷ்டமோ என்று பயந்து தட்டு, டம்ளர், பாய் எல்லாம் தனியாக வைத்துவிட்டார்கள். பிள்ளையைத் தூக்கவும் விடவில்லை. கடைசியில் புண்ணின் ஓரத்தைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்த்த பிறகுதான் இன்னதென்று தெரிந்தது. அது தொட்டால் ஒட்டுகிற நோயே இல்லை. பெரும்பாலும் சில மாதங்களில் ஆறிவிடும், தழும்பு மட்டும் நிற்கும். மருந்தும் இருக்கிறது. அந்தப் பையனிடம் போய் ‘உனக்கு ஆறாப்புண்’ என்று எந்த வாயால் சொல்வது?

இந்த நோயைத் தருகிற கிருமியை லீஷ்மேனியா என்றே விடலாம். 1903இல் லீஷ்மன், டோனோவன் என்ற இரண்டு மருத்துவர்கள் தனித்தனியே அதைப் பற்றி எழுதினார்கள். டோனோவன் கண்டது நம் மதராஸில். இந்நோயில் ஈரலையும் மண்ணீரலையும் தாக்குகிற வகைக்குக் கருங்காய்ச்சல் என்ற பெயர் நிலைத்துவிட்டது, அதைத் தொட வேண்டாம்.

புணர்ச்சி விதிப்படி ‘மட்சுள்ளான்’ என்றுதானே வரும், மட்குடம் போல, என்று நீங்கள் கேட்பீர்கள். விதி அதுதான். ஆனால் தொழுவில் சாணி அள்ளுகிற ஆச்சிக்கு ‘மட்’ என்றால் மண் என்று கேட்காது. அதனால் மண்சுள்ளான் என்றே எழுதுவோம், அண்ணாச்சி.