பாடத்தில் சொன்ன ஊர்களைப் பார்க்கக் கிளம்புகிறேன், வழி சொல்லுங்கள்

வணக்கம். 33 வருடம் அரசுப் பள்ளியில் சமூக அறிவியல் நடத்திவிட்டு மே மாதம் ஓய்வு பெற்றேன். மணியடிக்காத காலைப் பொழுது இவ்வளவு இனிக்கும் என்று நினைக்கவே இல்லை.

குடத்தில் ஓலைச்சீட்டுகளைப் போட்டு ஊர்ச்சபைக்கு ஆள் தேர்ந்தெடுத்த குடவோலை முறையை எத்தனையோ வகுப்புகளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். ஆனால் அதைச் சொல்லும் உத்திரமேரூர்க் கல்வெட்டை ஒருமுறைகூட நேரில் பார்த்ததில்லை. சோழ மன்னன் முதலாம் பராந்தகன் காலத்து எழுத்து, 1,100 வருடம் தாண்டியது! அங்கே அதை வரி வரியாகப் படித்துக் காட்டக்கூடியவர் யாராவது இருக்கிறார்களா?

அப்புறம் சித்தன்னவாசல், கீழடி. திருச்சியிலிருந்து நானும் வீட்டுக்காரரும் பேருந்தில்தான் போவோம். எனக்கு முழங்கால் வலி உண்டு. சித்தன்னவாசல் குன்றில் சமணர் படுக்கைகள் இருக்கும் குகையான ஏழடிப்பட்டத்துக்குப் படிகள் செங்குத்தா? கீழடிக்கு மதுரையில் எங்கே பேருந்து ஏறுவது? போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.