ஓடும்போது கெண்டைக்கால் இறுகுது, ஸ்ட்ரெட்ச் பண்ணியும் சரியாக மாட்டேங்குது – என்ன பண்ணலாம்?

மெதுவோட்டம்:
எல்லாருக்கும் வணக்கம். இவ்ளோ நாள் சும்மா படிச்சிட்டு மட்டும் போயிட்டு இருந்தேன், இப்பதான் முதல்முறையா எழுதுறேன், நீளமா இருந்தா கோச்சுக்காதீங்க.

வயசு நாப்பதை ஒட்டி. ஓட ஆரம்பிச்சு சில மாசம் ஆச்சு, இப்ப வாரத்துல மூணு நாலு நாள் ஓடுறேன், அஞ்சு கிலோமீட்டர் பக்கம். மூச்சு வாங்குறதெல்லாம் பழகிருச்சு, பேசிக்கிட்டே ஓட முடியுது. கால்தான் ஒத்துழைக்க மாட்டேங்குது. ரெண்டு கிலோமீட்டர் தாண்டுறதுக்குள்ள ரெண்டு கெண்டைக்காலும் கல்லு மாதிரி இறுகிடுது, நின்னு ரெண்டு நிமிஷம் நடந்தா விடுது, திரும்ப ஓடுனா திரும்ப புடிக்குது. மறுநாள் படி இறங்கும்போது முன்தொடையும் சேர்ந்து வலி. ஏறும்போது பரவால்ல, இறங்கும்போதுதான் கைப்பிடிய புடிச்சுக்கிட்டு வர்ற நிலைமை.

ஸ்ட்ரெட்ச் பண்ணாம இல்ல. ஓடுறதுக்கு முன்னாடியும் முடிச்சப்புறமும் சுவத்துல கை வச்சு தள்ளுறது, காலை பின்னாடி மடக்கி புடிக்கிறது, குனிஞ்சு கால்விரல தொடுறதுன்னு எல்லாம் பண்றேன். இன்னும் என்ன ஸ்ட்ரெட்ச் சேர்க்கணும்? இல்ல லாக்டிக் ஆசிட் சேந்துக்குதா? அதை கரைக்க வழி இருக்கா?

---

கட்டைவிரல்:
ப்ரோ, நீங்க ரெண்டு வேற வேற வலிய ஒண்ணா போட்டு குழப்பிக்கிறீங்க, முதல்ல அதை பிரிச்சிடுவோம்.

ஓடும்போதே இறுகி, நின்னா விடுறது ஒண்ணு. அது பெரும்பாலும் அந்த சதைக்கு தாங்குற அளவுக்கு மேல வேலை கொடுக்குறதால வர்றது. மறுநாள் படி இறங்கும்போது வர்றது வேற, அது லேட்டா வர்ற சதைவலி, ஓடி முடிச்சு 24 மணி நேரத்துலேருந்து 72 மணி நேரத்துக்குள்ள உச்சத்துக்கு போயி தானா குறையும். சதை நீண்டுகிட்டே பாரத்தை தாங்கும்போது, அதாவது பிரேக் போடுற வேலை பண்ணும்போது, உள்ள இருக்குற நுண்ணிய இழைகள்ல சேதம் ஆகுது, அதை சரிபண்ற வேலைதான் அந்த வலி. இறக்கத்துல ஓடுனா முன்தொடை அதிகமா வலிக்கிறது அதனாலதான், படி இறங்கும்போது மட்டும் நோகுறதுக்கும் அதே காரணம்.

லாக்டிக் ஆசிட் கதைய விட்ருங்க. ஓடும்போது உருவாகுற லாக்டேட், அதாவது நீங்க லாக்டிக் ஆசிட்னு சொல்றது, ஓடி முடிச்சு ஒரு மணி நேரம் போல ஆனா ரத்தத்துல பழைய அளவுக்கு வந்துரும், அது எப்படி மறுநாள் காலைல வலிக்கும்? ஆனா இன்னும் எல்லாரும் இதையேதான் சொல்லிக்கிட்டு திரியுறாங்க.

இப்ப ஸ்ட்ரெட்ச் விஷயம். காக்ரேன்னு மருத்துவ ஆராய்ச்சிகளை தொகுத்து எடைபோடுற ஒரு அமைப்பு இருக்கு, அவங்க 2011ல ஆராய்ச்சிகளை எல்லாம் சேத்து வச்சு பாத்தாங்க, ஓடுறதுக்கு முன்னாடியோ பின்னாடியோ ஸ்ட்ரெட்ச் பண்றதால மறுநாள் வலி 100க்கு ஒரு பாயிண்ட் போலதான் குறையுது. ஒரு பாயிண்ட்! ஒண்ணுமே இல்லைன்னு சொல்லலாம். அதனால புதுசா இன்னொரு ஸ்ட்ரெட்ச் தேடாதீங்க, காலுக்கு பலம் சேக்குற வழிய பாருங்க.

---

அகல்விளக்கு:
கட்டைவிரல் சார் வழக்கம்போல ஒரே வெட்டா வெட்டிட்டாரு 😀 மறுநாள் வலிக்கு உதவாதுன்னா ஒத்துக்குறேன், அதுக்காக ஸ்ட்ரெட்சே வேஸ்டுன்னு ஆயிடாது. எனக்கு கெண்டைக்கால் இறுக்கம் உக்காந்தே வேலை பாக்குறதால இருந்துச்சு, தினமும் சாயங்காலம் பண்ண ஆரம்பிச்சப்புறம் கணுக்கால் நல்லா மடங்குது, ஓடும்போது அந்த இழுத்து புடிக்கிற மாதிரி இருக்குறதும் குறைஞ்சிருக்கு. எப்ப பண்றோம் எப்படி பண்றோம்ங்கறதுலதான் விஷயமே இருக்கு.

மெதுவோட்டம், நீங்க சுவத்தை தள்ளும்போது முட்டிய நேரா மட்டும் வச்சு பண்றீங்களா? கெண்டைக்கால்ல ரெண்டு சதை இருக்கு. மேல தெரியிற உருண்டை சதை காஸ்ட்ரோக்னீமியஸ், அது முட்டிக்கு மேல போயி ஒட்டிருக்கு, அதனால முட்டி நேரா இருந்தாதான் இழுபடும். அதுக்கு அடியில தட்டையா சோலியஸ்னு ஒண்ணு இருக்கு, அது முட்டிய தாண்டுறதில்ல, பின்னாடி இருக்குற காலோட முட்டிய மடக்குனாதான் அதுக்கு இழுப்பு போய் சேரும். குதிகால் தரையவிட்டு எழும்பக்கூடாது, பாதம் நேரா முன்னாடி பாக்கணும், வெளிப்பக்கம் திருப்பிட்டா பாதி இழுப்பு போயிரும். 30 செகண்ட் புடிங்க, ரெண்டு மூணு தடவை, குலுக்காம.

ஆனா ஓடுறதுக்கு முன்னாடி இதை செய்யாதீங்க. ஒரே சதைய ஒரு நிமிஷத்துக்கு மேல புடிச்சு இழுத்தா கொஞ்ச நேரத்துக்கு அதோட பலம் குறையும். அதுக்கு பதிலா அஞ்சு நிமிஷம் வேகமா நடங்க, காலை முன்னும் பின்னும் வீசுங்க, குதிகால எழுப்பி எறக்குங்க, முதல் கிலோமீட்டர வேணும்னே மெதுவா ஓடுங்க.

---

எலும்புக்கூடு:
பிசியோவா இருக்கேன், நேர்ல பாக்காம எதுவும் அடிச்சு சொல்ல முடியாது, ஆனா சில விஷயம் தெரிஞ்சா இங்க எல்லாருமே நல்லா உதவ முடியும். மெதுவோட்டம், இதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க.

ஒத்தக்கால்ல நின்னு, பேலன்ஸுக்கு மட்டும் விரல் நுனிய சுவத்துல வச்சு, முட்டிய மடக்காம குதிகால முழுசா எழுப்பி எறக்குங்க. எத்தனை தடவை வருது? உயரம் குறைய ஆரம்பிச்சா அங்கயே நிறுத்திருங்க, அதுக்கப்புறம் எண்ணக்கூடாது. சமீபத்துல ஷூ மாத்துனீங்களா? கால் ஊன்றது குதிகால்லயா முன்பாதத்துலயா, அதை யார் சொல்லியாவது மாத்துனீங்களா? வலி சதையிலயா இல்ல கால் எலும்போட உள்பக்க ஓரத்துலயா?

---

மெதுவோட்டம்:
உடனே பதில் போட்டதுக்கு எல்லாருக்கும் நன்றி. இப்பதான் செஞ்சு பாத்தேன், வலது கால்ல பத்து பக்கம் வந்துச்சு, இடதுல அதுக்கும் கீழ, கடைசி ரெண்டெல்லாம் பாதி உயரம்தான் போச்சு. இது இவ்ளோ கஷ்டமா இருக்கும்னு நினைக்கவே இல்ல.

ஷூ ஆமா, மாத்துனேன். முன்னாடி குதிகால் பக்கம் தடிமனா இருக்குற சாதா ஷூ, இப்ப தட்டையா அடிப்பாகம் மெலிசா இருக்குற ஷூ. கூட ஓடுறவர் ஒருத்தர் குதிகால ஊனி ஓடுனா முட்டி போயிரும், முன்பாதத்துல ஓடணும்னு சொன்னாரு, அதையும் முயற்சி பண்ணிக்கிட்டு இருக்கேன். வலி சதையிலதான், எலும்புல இல்ல.

---

எலும்புக்கூடு:
சரி, முக்கால்வாசி விடை இதுலயே வந்துருச்சு.

சாதா ஓட்ட ஷூல குதிகால் முன்பாதத்தை விட 8லேருந்து 12 மில்லிமீட்டர் உயரமா இருக்கும். தட்டை ஷூல அந்த வித்தியாசமே இருக்காது, அதனால ஒவ்வொரு அடிக்கும் கெண்டைக்காலும் அதை குதிகாலோட இணைக்கிற அக்கிலீஸ் டெண்டானும் கூடுதலா இழுபடும். அது போதாதுன்னு முன்பாதத்துல ஊனுறீங்க, அப்ப முட்டி வாங்குற அடிய கெண்டைக்கால் வாங்கிக்கும். பாரம் எங்கயும் காணாம போறதில்ல, இடம்தான் மாறுது. முட்டிவலி இருக்குறவங்களுக்கு சில சமயம் அது நல்லது, உங்களுக்கு முட்டியில ஒண்ணுமே இல்லையே, எதுக்கு மாத்தணும்? பழைய ஷூ தேயாம இருந்தா அதுக்கே திரும்பிருங்க, ஊன்றது எப்படி வருதோ அப்படியே விடுங்க. தட்டை ஷூ பிடிச்சிருந்தா வாரத்துல ஒரு சின்ன ஓட்டத்துக்கு மட்டும் போட்டு பல வாரத்துல மெதுவா கூட்டலாம்.

அடுத்தது பலம். ஒத்தக்கால்ல 25 தடவை போல முழு உயரத்துக்கு எழுப்ப வரணும்னு பொதுவா ஒரு கணக்கு வச்சிருக்கோம், வயசு ஏற ஏற கொஞ்சம் குறையும், அதுக்காக பத்துங்கறது ரொம்ப கம்மி. ஒரு கிலோமீட்டர் ஓடுறதுக்கு ரெண்டு காலும் சேத்து 1000 அடிக்கு மேல வைக்கிறோம், அதாவது ஒவ்வொரு கெண்டைக்காலும் 500 தடவைக்கு மேல உங்க உடம்ப தூக்கி தள்ளுது. அதுலயும் பெரும்பங்கு அந்த சோலியஸுக்குதான், ஓடும்போது அதுல வர்ற விசை உடம்பு எடையில 6, 7 மடங்கு வரைக்கும் போகும். ரெண்டாவது கிலோமீட்டர்ல அது இறுகாம இருந்தாதான் ஆச்சரியம். இறுகுதுன்னு நினைச்சு நீங்க இழுத்துகிட்டே இருக்கீங்க, அது நீளம் பத்தாம இறுகல, களைச்சுப்போய் இறுகுது.

வாரத்துல ரெண்டு நாள், நடுவுல ஒரு நாளாவது இடைவெளி விட்டு இதை பண்ணுங்க. ஒரு படியோட விளிம்புல முன்பாதத்தை வச்சு நின்னு, முட்டி நேரா, குதிகால எழுப்பி, மேல ஒரு செகண்ட் நிறுத்தி, மூணு செகண்ட் எண்ணிக்கிட்டே படிக்கு கீழ வரைக்கும் எறக்குங்க. இறக்குறதுதான் முக்கியம், தொப்புன்னு விட்டா பாதி பலன் போச்சு. 8லேருந்து 12 தடவை, மூணு செட். முதல்ல ரெண்டு காலாலயும் செய்யுங்க, அது சுளுவா வந்ததும் ரெண்டு காலால ஏறி ஒத்தக்கால்ல இறங்குங்க, அப்புறம் ஏறுறதும் ஒத்தக்கால். அதுவும் சுளுவாயிட்டா முதுகுல பையில கனம் ஏத்திக்கோங்க. எடை கூட்டாம அதே பத்தையே வருஷக்கணக்கா பண்ணா பலம் ஏறாது.

சோலியஸுக்கு தனியா, நாற்காலில உக்காந்து முட்டி மேல கனமான எதையாவது வச்சுக்கிட்டு குதிகால எழுப்புங்க. பாக்க சின்னப்புள்ள விளையாட்டு மாதிரி தெரியும். நல்ல கனம் வச்சு பண்ணா மறுநாள் தெரியும் அது என்னன்னு.

பண்ணும்போது பத்துக்கு மூணு அளவு வலி வந்தா பரவாயில்ல, மறுநாள் காலைல பழைய நிலைக்கு வந்துரணும். வரலைன்னா அடுத்த தடவை குறைங்க. வித்தியாசம் நல்லா தெரிய 8லேருந்து 12 வாரம் ஆகும், ரெண்டு வாரத்துல விட்றாதீங்க.

---

கட்டைவிரல்:
முன்தொடையையும் மறந்துறாதீங்க. ஒரு படி மேல நின்னு ஒத்தக்கால்ல மெதுவா கீழ இறங்கி இன்னொரு குதிகால் தரைய தொட்டதும் திரும்ப எழும்புறது, அதோட ஸ்ப்ளிட் ஸ்குவாட், அதாவது ஒரு கால் முன்னாடி ஒரு கால் பின்னாடி வச்சு முட்டிய மடக்கி இறங்கி எழும்புறது, இது ரெண்டு போதும். முட்டி உள்பக்கமா சாயுதான்னு கண்ணாடில பாருங்க. சாஞ்சா இடுப்போட வெளிப்பக்க சதை பலவீனமா இருக்கலாம், ஒருக்களிச்சு படுத்து மேல் காலை நேரா தூக்குறத சேத்துக்கோங்க. பின்தொடைக்கு மல்லாக்க படுத்து இடுப்ப தூக்குற பிரிட்ஜ், கொஞ்சம் கொஞ்சமா ஒத்தக்கால்ல.

முதல் வாரம் வலி கூடத்தான் செய்யும், பயப்படாதீங்க. ஒருமுறை சதை அந்த மாதிரி வேலைய பாத்துருச்சுன்னா அடுத்த சில வாரத்துக்கு அதே வேலைக்கு அவ்ளோ வலிக்காது, உடம்பு கத்துக்குது. சில பேர் மாசத்துக்கு ஒரு தடவை மட்டும் ஸ்குவாட் போட்டுட்டு ஒவ்வொரு தடவையும் நடக்க முடியாம கிடப்பாங்க, அவங்களுக்கு இதை சொல்லியும் புரியாது.

---

நடைவண்டி:
யாரும் அடி வைக்கிற வேகத்த பத்தி சொல்லலையே. பாதம் உடம்புக்கு ரொம்ப முன்னாடி போய் விழுந்தா ஒவ்வொரு அடியும் பிரேக் போட்ட மாதிரிதான். ஒரு நிமிஷத்துக்கு எத்தனை அடின்னு எண்ணி பாத்து அதைவிட 5லேருந்து 10 சதவீதம் கூட்டுங்க, ஓட்ட வேகம் மாறக்கூடாது, அடி மட்டும் சின்னதாகணும். முட்டிக்கும் இடுப்புக்கும் பாரம் குறையும். எல்லாருக்கும் 180தான் சரின்னு ஒண்ணு சுத்திக்கிட்டு இருக்கு, அதை காதுல வாங்காதீங்க, ஆளுக்கு ஆள், வேகத்துக்கு வேகம் மாறும்.

அப்புறம் இறுகும் வரைக்கும் ஓடி நிக்கிறதுக்கு பதிலா, இறுகுறதுக்கு முன்னாடியே நடந்துருங்க. நாலு நிமிஷம் ஓட்டம் ஒரு நிமிஷம் நடை, அப்படி. வெக்கப்பட ஒண்ணுமில்ல, முழு மாரத்தானே அப்படி முடிக்கிறவங்க இருக்காங்க.

---

அகல்விளக்கு:
இன்னொண்ணு, இந்த த்ரெட்ட வேற யாராவது படிச்சாங்கன்னா அவங்களுக்கும் சேத்து சொல்றேன். வலியோட ஓட மாத்திரை போட்டுட்டு கிளம்புறவங்க இருக்காங்க, ஐபுப்ரோஃபென் மாதிரி மாத்திரைய போட்டுட்டு நீண்ட ஓட்டம் ஓடுனா, அதுவும் உடம்புல தண்ணி குறைஞ்ச நேரத்துல, கிட்னிக்கு கெடுதல்.

---

எலும்புக்கூடு:
ஆமா, நல்லவேளை ஞாபகப்படுத்துனீங்க. இதெல்லாம் இருந்தா எக்சர்சைஸ் தேடாம டாக்டர்கிட்ட போங்க: ஒரே ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி, சூடா, தொட்டா வலியா இருந்தா அது ரத்தக்கட்டியா இருக்கலாம், அன்னைக்கே போகணும், அதை போய் உருட்டி மசாஜ் பண்ணிக்கிட்டு இருக்கக்கூடாது. கூடவே மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ வந்தா அது அவசரம். ஓடும்போது பின்னாடிலேருந்து யாரோ உதைச்சாப்ல பட்டுன்னு வலிச்சு அதுக்கப்புறம் விரல் நுனில எழும்ப முடியலைன்னா அக்கிலீஸ் அறுந்திருக்கலாம். கடுமையா ஓடுனப்புறம் சிறுநீர் கோலா கலர்ல போனா காத்திருக்காதீங்க. எலும்புல விரல வச்சா ஒரே ஒரு இடத்துல சுள்ளுன்னு வலி, ராத்திரி படுத்தாலும் விடலைன்னா எலும்புல விரிசல் இருக்கலாம், அதுக்கு பலம் சேக்குறது மருந்தில்ல, ஓய்வுதான்.

மெதுவோட்டம், உங்களுக்கு இதுல எதுவும் இருக்குற மாதிரி தெரியல. ஆனா ஓடும்போது ஒவ்வொரு தடவையும் அதே தூரத்துல இறுகி பாதம் மரத்துப்போச்சுன்னா மட்டும் சொல்லுங்க, சதைய சுத்தியிருக்குற உறைக்குள்ள அழுத்தம் ஏறுற ஒரு பிரச்சனை இருக்கு, அதை தனியா பாக்கணும்.

---

மெதுவோட்டம்:
மரத்துப்போறதெல்லாம் இல்லைங்க. பழைய ஷூ நல்லாத்தான் இருக்கு, நாளைக்கு அதையே போட்டுக்குறேன். ஒரே ஒரு சந்தேகம், இந்த குதிகால் எக்சர்சைஸ ஓடாத நாள்ல பண்ணணுமா, ஓடுன நாள்லயேவா? ஓடாத நாள் கம்மியாதான் இருக்கு.

---

கட்டைவிரல்:
ஓடுன நாள்லயே, ஓட்டத்துக்கு அப்புறம். முடிஞ்சா காலைல ஓட்டம், சாயங்காலம் எக்சர்சைஸ். ஓடாத நாள்ல இதை போட்டா காலுக்கு லீவே கிடைக்காது. நாலு நாள் ஓடுறத கொஞ்ச வாரத்துக்கு மூணாக்கிக்கோங்க.