மறுமொழி: மிடில் வாய்ஸுக்குக் 'கொள்வினை'

குழுவினருக்கு வணக்கம்.

கிரேக்க இலக்கணத்தின் மிடில் வாய்ஸுக்கு, அதாவது செய்கிறவர் தனக்காகவோ தன்மீதோ செய்வதைக் காட்டும் வினைவடிவத்துக்கு, தமிழில் என்ன பெயர் வைப்பது என்ற கேள்விக்கு இதுவரை வந்த பரிந்துரைகள் இடைவினை, தன்வினை. இரண்டையும் ஏற்க எனக்கு மனம் வரவில்லை. திருந்தினான், திருத்தினான் என்று தன்வினை பிறவினையைப் பள்ளியிலேயே படித்துவிடுகிறோம். அந்தப் பெயரை இன்னொன்றுக்கும் வைத்தால் மாணவர் குழம்பிப்போவார். இடைவினை, கிரேக்க இலக்கணிகள் சொன்ன 'மெசொதேஸ்' (இடைநிலை) என்பதன் நேர்பெயர்ப்பு. ஆனால் செயப்பாட்டுவினையே இந்த வடிவத்திலிருந்துதான் பிற்பாடு கிளைத்தது. மூத்ததை இடையில் வைப்பானேன்?

என் பரிந்துரை 'கொள்வினை'.

'லூஓ' என்ற வினையைப் பாருங்கள். அவிழ், விடுவி என்று பொருள். ஹோமரின் காவியமான இலியட்டின் முதல் காண்டத்தில் அப்பொல்லோ தெய்வத்தின் பூசாரி கிரூசேஸ், சிறைப்பட்ட மகளுக்காக அளவற்ற மீட்புப்பொருளோடு கிரேக்கர் பாசறைக்கு வருகிறார். 13ஆம் அடி அவரை 'லூசொமெனொஸ்' என்கிறது, அதாவது மகளை மீட்டுக்கொள்ள வந்தவர். 29ஆம் அடியில், அவளைப் பிடித்துவைத்திருக்கும் கிரேக்கர் தலைவன் அகமெம்னோன் 'லூசோ' என்ற சொல்லால் மறுக்கிறான்: அவளை நான் விடமாட்டேன். வினை ஒன்றுதான். பிடித்துவைத்திருப்பவன் பேசும்போது செய்வினை. பொருள் கொடுத்துத் தனக்கென்று மீட்கிறவருக்குக் கொள்வினை. இந்த நுட்பம் தமிழுக்குப் புதிதா என்ன? அடகு நகையை மீட்டுக் கொடுத்தார், மீட்டுக்கொண்டார் என்று தினமும் பேசுகிறோமே!

வடிவங்களுக்கும் இந்தப் பெயர் உதவும். நிகழ்கால 'லூஒமாய்' கொள்வினையாகவும் வரும், செயப்பாட்டுவினையாகவும் வரும். இடம் பார்த்துத்தான் பிரிக்க வேண்டும். அயோரிஸ்ட் என்ற இறந்தகாலத்தில் இரண்டும் தனித்தனி: 'எலூசமேன்' என்றால் மீட்டுக்கொண்டேன், 'எலுதேன்' என்றால் விடுவிக்கப்பட்டேன்.

'படித்துக்கொண்டிருக்கிறான்' என்பதிலும் 'கொள்' உண்டே என்று கேட்பீர்கள். அங்கே அது தொடர்ச்சியைக் காட்டுகிறது, சரி. ஆனால் துணைவினைக்கு இன்னொரு வேலை இருப்பது கலைச்சொல்லுக்குத் தடையாகாது. 'கொள்வினை கொடுப்பினை' என்ற சம்பந்த வழக்கும் நினைவுக்கு வரும். அது இலக்கணப் பெயர் இல்லை என்பதால் மோதாது; தன் பக்கத்துக்கு எடுத்துக்கொள்ளும் பொருளோ நமக்குச் சாதகம்.

உண்மையான சிக்கல் வேறிடத்தில். 'எர்க்கொமாய்' (வருகிறேன், போகிறேன்), 'பூலொமாய்' (விரும்புகிறேன்) போன்றவற்றுக்கு நிகழ்காலத்தில் செய்வினை வடிவமே கிடையாது. மொழிபெயர்க்கும்போது இவற்றோடு 'கொள்' சேர்த்தால் அபத்தமாகிவிடும். அகராதியில் இவற்றைத் 'தனிக்கொள்வினை' என்று குறித்து, பொருளை வெறுமனே 'வா', 'விரும்பு' என்று தரலாம் என்பது என் எண்ணம். இதில் உங்கள் கருத்தை எழுதுங்கள்.

அன்புடன்.