நரைமுடி ஏன் கம்பியாட்டம் நிற்கிறது?

பார்லர் நாற்காலியில் உட்கார்ந்ததுமே வாடிக்கையாளர்கள் "நரைச்சதுலேருந்து முடி கம்பியாட்டம் நிக்குது" என்பார்கள். முடி வளையாமல் நிற்பது தடிமனைப் பொறுத்தது. 20 சதவீதம் தடித்தாலே விறைப்பு இரட்டிப்பாகிவிடும். ஆனால் பெண்களுக்கு நாற்பதுகளைத் தாண்டினால் முடி பொதுவாக மெலியத்தான் செய்யும். எண்ணெய்ப் பசை குறைவதும், புதுமுடி நெளிந்து வளர்வதும்தான் பெரும்பாலும் கைக்குக் கம்பியாகப் படுகிறது. காதோரம் துருத்தும் நரை ஒன்றைத் தனியாகப் பிடித்துப் பாருங்கள், அங்கங்கே மடங்கியிருக்கும்.

முடி கெட்டிருக்கிறதா என்று பார்க்க, சீப்பில் வந்த ஒரு முடி போதும். வேரிலிருந்து நுனிக்கு உருவினால் வழுக்க வேண்டும். எதிர்ப்பக்கம் கொஞ்சம் பிடிக்கும், அது இயல்பு. இருபக்கமும் சொரசொரத்தால், முடியை மூடியிருக்கும் மேல்செதில் கெட்டுவிட்டது. அடுத்து நனைத்து மெல்ல இழுங்கள். பபிள்கம் போல நீண்டு திரும்பாவிட்டால் முடி உள்ளேயும் கெட்டிருக்கிறது.

*

அந்த பபிள்கம் முடி ப்ளீச்சின் வேலை. ப்ளீச்சோடு கலக்கும் டெவலப்பர் திரவத்தின் வீரியத்தை வால்யூமில் சொல்வார்கள்: 20 வால்யூமில் 6 சதவீதம் பெராக்சைடு, 40 வால்யூமில் 12. ப்ளீச் உள்ளே கந்தகப் பிணைப்பை உடைக்கும், மேலே இயற்கையாக இருக்கும் கொழுப்புப் படலத்தையும் உரித்துவிடும். அதனால்தான் நனைந்தால் கொழகொழ, காய்ந்தால் வைக்கோல். இதற்குப் போய் வாராவாரம் புரோட்டீன் மாஸ்க் போட்டால் இன்னும் விறைக்கும். சாதாரண கண்டிஷனரே மேல், கெட்ட இடத்தில்தான் அது அதிகம் ஒட்டும். நடுவிலிருந்து நுனிவரை தடவி 3 நிமிடம் விடுங்கள். வேர்ப்பக்கம் படலத்தோடு புதுமுடி இருக்கிறது, அங்கே வேண்டாம்.

*

மருதாணியை விட்டுவிட்டீர்களே அக்கா! அதன் சாயம் முடியின் புரதத்தோடு ஒட்டிக்கொள்வது. மாதாமாதம் முழு நீளத்துக்கும் அப்பினால் அடுக்கடுக்காய்ச் சேர்ந்து நுனி விறைக்கும். வேரில் வெள்ளை தெரியும் இடத்துக்கு மட்டும் போதும். போர்த் தண்ணீர் வீடுகளில் சுண்ணாம்பு உப்பும் சேர்ந்துகொள்ளும், ப்ளீச் செய்த முடியில் இன்னும் அதிகம். கடைசி அலசலுக்கு ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி வினிகர் கலந்து ஊற்றி, ஒரு நிமிடம் விட்டு அலசுங்கள்.

பாக்கெட் மருதாணிப் பொடி போட்ட தலையில் நேராக ப்ளீச் வைக்காதீர்கள். உலோக உப்பு கலந்திருந்தால் பெராக்சைடு பட்டதும் சூடேறும். வெட்டிய முடியில் ஒரு கொத்தை, 20 வால்யூம் பெராக்சைடு 20 மில்லியில் 20 சொட்டு அமோனியா விட்டு, அரைமணி ஊறவையுங்கள். கண்ணாடிக் கிண்ணம்தான், உலோகம் கூடாது. நுரைத்தாலோ, கிண்ணம் சுட்டாலோ, நிறம் சட்டென்று மாறினாலோ அன்றைக்குக் கத்தரிக்கோல் வேலை மட்டும்.