வீட்டில் தண்ணீர்ச் செலவைக் குறைக்க எதிலிருந்து தொடங்குவது?

வெண்முகில்:
எங்கள் வீட்டில் ஐந்து பேர். தண்ணீரைப் பார்த்துச் செலவழியுங்கள் என்று நான் சொல்லாத நாளில்லை. கேட்கும்போது தலையாட்டுவார்கள், மறுநாள் பழைய கதைதான். போன வாரம் சண்டையை விட்டுவிட்டு அளந்து பார்த்தேன். சமையலறைக் குழாயில் ஒரு லிட்டர் பாட்டில் நிரம்ப ஏழு வினாடி. என் கணவர் பாத்திரம் கழுவி முடிக்கப் பன்னிரண்டு நிமிடம், குழாயை நடுவில் மூடவே இல்லை. கணக்குப் போட்டால் 100 லிட்டருக்கு மேல்! எனக்கு நெஞ்சு திக்கென்றது. ஷவருக்கு அடியில் வாளி வைத்து ஒரு நிமிடம் ஓடவிட்டேன், 11 லிட்டர். மகன் அதன் கீழே ஒன்பது நிமிடம் நிற்கிறான்.

எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்றச் சொன்னால் யாரும் காதில் வாங்க மாட்டார்கள். பாத்திரத்தில் தொடங்கவா, குளியலிலா? அப்புறம், ஃப்ளஷ் தொட்டிக்குள் செங்கல் வைத்தால் மிச்சமாகும் என்கிறார்களே, வைக்கலாமா?

பழையகுழாய்:
செங்கல் வேண்டாம் அம்மா. ஊற ஊறப் பொடி உதிரும், அந்தத் துகள் வால்வில் சிக்கினால் தொட்டியே ஒழுக ஆரம்பித்துவிடும். ஒரு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலில் தண்ணீர் நிரப்பி இறுக மூடி, மிதவையில் இடிக்காமல் ஓரமாக நிறுத்துங்கள். அழுத்தும் ஒவ்வொரு முறையும் ஒரு லிட்டர் மிச்சம். பத்து லிட்டருக்கு மேல் கொட்டும் பழைய தொட்டிக்குத்தான் இது. இரண்டு பொத்தான் வைத்த புதிய தொட்டியில் கைவைக்காதீர்கள், ஒரு தடவை போதாமல் இரண்டு தடவை அழுத்த வேண்டிவரும்.

ஆனால் குளியலுக்கும் பாத்திரத்துக்கும் முன்னால் ஒழுக்கைப் பாருங்கள். குழாய் சொட்டினால் கண்ணுக்குத் தெரியும். ஃப்ளஷ் தொட்டி சத்தமில்லாமல் ஒழுகும், மாதக்கணக்கில் யாருக்கும் தெரியாது. தொட்டித் தண்ணீரில் ஏதாவது நிறப்பொடியைக் கரைத்து, 15 நிமிடம் யாரையும் அழுத்த விடாமல் இருங்கள். கீழே கோப்பையில் நிறம் இறங்கியிருந்தால் அடி ரப்பர் போய்விட்டது என்று அர்த்தம். வீட்டில் மீட்டர் இருந்தால் இரவு எண்ணைக் குறித்துவைத்து, காலையில் யாரும் குழாயைத் திறக்கும் முன் மறுபடி பாருங்கள்.

சிற்றோடை:
அக்கா, பாத்திரத்துக்கு நான் செய்தது: சின்க்குக்குள் இரண்டு பேசின் வைத்தேன். ஒன்றில் சோப்பு நீர், இன்னொன்றில் அலசுவதற்கு நல்ல நீர். ஒட்டியிருப்பதை முதலில் வழித்துவிட்டால் அலசும் நீர் சீக்கிரம் கலங்காது. பேசின் அங்கே இருந்தால் கை தானாகக் குழாயை மூடிவிடும், சொல்லிக்கொண்டே இருக்க வேண்டாம்.

வெந்நீர் வரும்வரை ஓடவிடும் தண்ணீரையும் ஒரு வாளியில் பிடியுங்கள். அது நல்ல தண்ணீர், துணி அலச அப்படியே ஆகும். சோப்பு கலந்த நீரை மட்டும் அன்றைக்கே கழிவறையில் ஊற்றித் தீர்த்துவிடுங்கள், மறுநாள் நாறும்.

வெண்முகில்:
இருவருக்கும் மிகவும் நன்றி. நீலப் பொடி போட்டேன். பத்தாவது நிமிடத்தில் கோப்பையின் பின்சுவரில் நூல் மாதிரி ஒரு நீலக் கோடு இறங்கியிருந்தது. எத்தனை மாதமாக அப்படிப் போனதோ, நினைத்தால் மனசு ஆறவில்லை. ரப்பரைக் கழற்றினால் ஒரு பக்கம் காய்ந்து விளிம்பு வெடித்திருந்தது. புதிது மாட்டி மறுபடி பொடி போட்டுப் பார்த்தேன், கோப்பையில் ஒரு துளி நிறமில்லை.

பேசின் வந்த மூன்றாம் நாள் என் கணவரே அளந்தார், 30 லிட்டருக்குள் முடிந்தது என்று என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். மகன் இன்னமும் ஒன்பது நிமிடம்தான் குளிக்கிறான். ஆனால் சோப்புப் போடும்போது ஷவரை மூடுகிறான். வெளியே இருக்கும் எனக்கு அந்தச் சத்தம் நிற்பது கேட்கிறது.